நிற்கும் இடமே பாடம்

யாழ்ப்பாணத்து வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

போர்க்காலப் புகைப்படத்தை இன்றைய காட்சியோடு பொருத்தி ஊர் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கும் முறையை உங்கள் வகுப்புகளில் தொடங்குங்கள். கணினியில் ஒட்டும் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். படத்தை எடுத்தவர் அன்று எங்கே நின்றார் என்று பிள்ளைகள் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான பாடம்.

பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. திருத்திக் கட்டிய நூலகம் 2003இல் மீளத் திறந்தது. பழைய படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, முகப்புத் தூணின் விளிம்பு பின்னாலுள்ள குவிமாடத்தோடு எந்த இடத்தில் நேர்படுகிறது என்று பாருங்கள். உங்கள் திரையில் தூண் வலப்பக்கம் கூடத் தள்ளித் தெரிந்தால், நீங்கள் இடப்பக்கம் வந்துவிட்டீர்கள், வலப்பக்கம் நகருங்கள். குவிமாடம் முகப்புக்குப் பின்னால் தாழ்ந்துபோனால் கிட்ட நிற்கிறீர்கள், பின்னுக்குப் போங்கள். சூம் இதைத் திருத்தாது. அது படத்தைப் பெருப்பிக்கும், அவ்வளவுதான். கிட்ட நிற்பதற்கும் தூர நிற்பதற்கும் உள்ள உறவை உங்கள் கால்கள் மட்டுமே மாற்றும். சரியான இடத்தில் நின்றபிறகு கைபேசியில் இரண்டு மடங்கு சூம் வைத்தால், பழைய கமராக்களின் 50 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டிய அளவுக்குக் கிட்டவாக வரும்.

திருத்திக் கட்டிய சுவர் பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்காமல், அதை நம்பிப் பொருத்தாதீர்கள். கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் போரில் அழிந்துவிட்டது. அங்கே கொத்தள மூலைகளைத்தான் பிடிக்கவேண்டும். அந்த மூலையும் பிறகு சீரமைத்ததா என்று முதலில் பாருங்கள்.

நிழலையும் படிக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் இது மறுபக்கம். நண்பகலில் எடுத்த, திகதி எழுதாத படத்தின் பருவத்தை ஊகிக்க ஒரு தூணின் நிழல் உதவும்.

கணினியில் பழைய படத்தை மேலடுக்காக வைத்து, கீழுள்ள புதிய படமும் தெரியும்படி பாதி ஒளிபுகவிட்டு, நான்கு புள்ளிகளையாவது பொருத்துங்கள். இணைப்புக் கோட்டை ஒரு மதில் அல்லது வீதி ஓரத்தோடு கொண்டுபோங்கள். வானத்தில் இணைத்தால் அசிங்கமாகத் தெரியும். கறுப்பு வெள்ளையை நிறமூட்டவேண்டாம். எது பழையது என்று பிள்ளைக்குப் பார்த்தவுடன் விளங்கவேண்டும். விடுபட்ட மூலையைச் செயற்கை நுண்ணறிவைக்கொண்டு நிரப்புவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அங்கே இல்லாத யன்னலை அது வரைந்துவிடும். பிறகு அது சான்றாகாது. இரண்டு மூலப்படங்களையும் தனித்தனியே காட்டி, இடம், பார்த்த திசை, இரு திகதிகள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள்.

இறந்தவர்களின் உடல்களோ, அடையாளம் தெரியும் முகங்களோ உள்ள படங்களை வகுப்புக்கு எடுக்காதீர்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் முன்னால் இருக்கிறார்கள். இராணுவ முகாமைப் பார்த்த கோணங்களையும் தவிருங்கள்.

படங்கள் வீடுகளில்தான் கிடக்கின்றன. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுக்கவேண்டாம், மேற்பூச்சு கழன்றுவிடும். கண்ணாடியோடேயே ஸ்கான் பண்ணுங்கள். 6க்கு 4 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். மாரி மழையின் ஈரம் பிடிக்கமுன் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
படங்களைப் பொருத்தும் பணியிலுள்ள நாங்கள்