அண்டா என்னிடம்தான் இருக்கிறது

தம்பிக்கு,

அண்டாவைக் காணோமென்று ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம். நீ ஓசூர் போயிருந்த அன்று குட்டியானை வைத்து நான்தான் ஏற்றிவந்தேன். சொல்லாமல் எடுத்தது சங்கடமாக இருந்தால் மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாயா? பாத்திரக்காரனிடம் கிலோக் கணக்கில் விலை பேசி வைத்திருந்தவன்தானே நீ.

அப்பாவின் வருஷத் திதி வருகிறது. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கல்யாணச் சீருக்கென்று வாங்கி, அதில் பேர் வெட்டிய அன்று நீ உடன் இல்லை. பழையபேட்டையில் ஒரு பாத்திரக் கடைத் திண்ணை. அந்தப் பெரியவர் அண்டாவைச் சாய்த்து முழங்காலால் அணைத்துக்கொண்டு, சின்ன உளியை வைத்து டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாக இறக்குவார். எழுத்து சுழிகிற இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆரம்பிக்கும் முன்னே கேட்டார்: "இனிஷியல் யாருது போடறது? பொண்ணு இன்னொரு வூட்டுக்குப் போறதாச்சே."

அப்பா யோசிக்கவேயில்லை. "என்னுதே போடுங்க. காசு நான்தான குடுக்கறேன்."

'மு' விழுந்தது. அப்புறம் என் பேர். கீழே 24-1-88. அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டில் எவர்சில்வர்தான் வேண்டுமென்றார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்கணும், ஈயம் பூச ஆள் தேடணும். பக்கத்தில் சேலம் உருக்காலையே 1981இல் தகடு உருட்ட ஆரம்பித்துவிட்டது. பளபளவென்று சீர் அடுக்கினால்தான் அப்போது கௌரவம். அண்டா நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. இத்தனை வருஷம் உன் மாடுகளுக்குத் தண்ணி காட்டியது என் பேர்.

அந்தக் கல்யாணத் தேதி என்னை என்ன செய்தது என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, 25-3-1989க்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005இல் டெல்லியில் போட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் 20-12-2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடவில்லை. உங்கள் பத்திரம் 2003. அதில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கும். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது அடுத்த வருஷம். 1965க்கு முந்தைய தாத்தா பத்திரத்தில் சேலம் ஜில்லா. ஒரே கிணறு, மூன்று மாவட்டம். எதிலும் நான் இல்லை.

பத்திரத்தன்று நடந்த பேச்சு இங்கே வேண்டாம், சித்தப்பா பிள்ளைகள் படிப்பார்கள். கேஸ் போடுவேன் என்றும் யாரும் பயப்பட வேண்டாம்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது தூக்கி உட்காரவைத்து ராகிக் கூழ் ஊட்டியவன் நீ. நான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனவள். அதை மறுக்கவில்லை. ஆனால் "என்னுதே போடுங்க" என்ற அதே மனுஷன்தான் உன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது, சொல்.

அண்டாவை ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன். திதிச் சமையல் அதில்தான். மறுநாள் என்னோடு திரும்பிவிடும். பாத்திரக்காரனிடம் முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவென்று சொல், அனுப்பிவிடுகிறேன். கூட்டிச் சொல்லாதே.

அக்கா