வெட்டுவது கேஸ்9, ஒட்டுவது செல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுத் திருத்தத்தால் மனிதப் பரிணாமத்தை நாமே நடத்தலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். வேலை எங்கே இடறுகிறது என்பதை அது சொல்லவில்லை.

கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் 20 எழுத்து (எழுத்து என்றால் மரபணுச் செய்தியின் ஓர் அலகு) வழிகாட்டி ஆர்.என்.ஏ. இடத்தைக் காட்டும்; கேஸ்9 நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒட்டுவது செல். அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் உதிரும், சில நுழைந்துவிடும். 2018இல் சீனாவில் விஞ்ஞானி ஹே ஜியான்குய் இரட்டைக் குழந்தைகளின் சிசிஆர்5 மரபணுவில் கை வைத்தபோது இதுதான் நடந்தது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் 32 எழுத்து நீக்கம் அமையவில்லை. யாரும் சோதித்தறியாத வேறு மாற்றங்கள் அமைந்தன.

கரு ஒரு செல்லாக இருக்கையில் செலுத்திய கேஸ்9, அது இரண்டாக, நான்காகப் பிரிந்த பிறகும் வெட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரே கருவில் திருந்திய செல்லும் திருந்தாத செல்லும் கலந்து கிடக்கும். ஐந்தாம் நாள் சில செல்களைக் கிள்ளிச் சோதிக்கலாம்தான். ஆனால் அவை நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்செல்கள். குழந்தையாகப் போகும் உட்செல்களுக்கு அவை உறுதியான சாட்சி அல்ல.

2023இல் அனுமதி பெற்ற தாலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய பரம்பரை ரத்த நோய்களுக்கான கிரிஸ்பர் சிகிச்சையை இதோடு சேர்த்துப் பேசுவது தவறு. அது நோயாளியின் ரத்த மூலச்செல்லை மட்டும் மாற்றுகிறது; பிள்ளைகளுக்குப் போகாது.

பரிணாமத்தின் கணக்கும் வேறு. ஓர் ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தருவது) மக்களிடையே நூற்றில் ஒன்றாக இருந்தால், நோயாளி 10,000 பேரில் ஒருவர்; வெளியே தெரியாமல் சுமப்பவர் சுமார் 50 பேரில் ஒருவர். நோயாளி எவருக்கும் பிள்ளையே பிறக்காவிட்டாலும் அந்த மரபணுவின் அளவு பாதியாக 100 தலைமுறை, அதாவது ஏறக்குறைய 2,500 ஆண்டு ஆகும்.

செட்டிநாட்டில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நகரத்தாரில் குலப்பிரிவு கோயிலை வைத்து; பொதுவாக ஒரே கோயில் என்றால் பங்காளி, மணம் இல்லை. அருமையான ஏற்பாடு; ஆனால் கோயில் தந்தை வழியில் மட்டுமே வருகிறது. மாமன் மகள் வேறு கோயில்தான், இருந்தாலும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது; ஆகவே ஒரே நோய் மரபணுவை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடும். நகரத்தார் மட்டுமல்ல, முறைப்பெண் எடுக்கும் எல்லாச் சமூகத்துக்கும் இது பொருந்தும்.

ஆகவே திருமணப் பேச்சு தொடங்கும்போதே இருவருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 80க்குக் கீழே இருந்து, ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் தாலசீமியா சுமப்பவராக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும். அதைச் சரிசெய்து மறுபடி பார்க்க வேண்டும். இருவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதற்காகச் சம்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தின் 11ஆம் வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம். திருமணப் பதிவான இசைகுடிமானம் எழுதும் நாளில் ரிப்போர்ட் வந்தால் மறைக்கத்தான் தோன்றும்.

இந்தப் பரிசோதனை பற்றி விளக்கமான கட்டுரை ஒன்றை, முகூர்த்த மாதமான தை பிறக்கும் முன் தாங்கள் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி