பில்லில் டயரின் வயதையும் எழுதித் தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தீபாவளித் தள்ளுபடி என்று டயர்க் கடை விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. நாலு டயர் வாங்கினால் அலைன்மென்ட், பேலன்சிங் இலவசம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்த டயர் எப்போது செய்தது, மழையில் எப்படிப் பிடித்து நிற்கும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் பட்டது இன்னொருவர் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2022 தீபாவளிக்கு முந்தைய வாரம் இப்படி ஒரு தள்ளுபடியில் நாலு டயரையும் மாற்றினேன். "எழுபதாயிரம் கிலோமீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் சார்" என்றார் கடைக்காரர். அடுத்த மாதம் ஆரல்வாய்மொழி பக்கம் நல்ல மழை. முன்னால் போன பேருந்து நின்றது, பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், பேருந்துக்கு ஒரு முழம் இருக்கையில்தான் நின்றது. பின் சீட்டில் மனைவியும் பேத்தியும்.

எங்கள் தெரு பங்க்சர் கடைத் தம்பி சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நீள்வட்டத்துக்குள் 1418 என்று நாலு எண்கள். 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். வாங்கிய அன்றே டயருக்கு நாலரை வயது! பட்டன், அதாவது தரையைத் தொடும் மேல்வரிகள், புதுசாகத்தான் இருந்தது; ரப்பர் இறுகிப்போயிருந்தது. இந்தத் தேதி பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் நம் கண்ணில் படாது.

அப்புறம்தான் மற்றதையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால், முதலில் வருவது டயரின் அளவு; 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கு. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். கார் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்ததை வாங்கவே கூடாது. சில டயர்களில் அமெரிக்க முறை மதிப்பீடும் இருக்கும். அதில் ட்ரெட்வேர் என்ற தேய்மான எண்ணைத்தான் கடையில் பெரிதாகக் காட்டுவார்கள். 400 என்றால் 300ஐவிட அதிகம் உழைக்கும் என்று கணக்கு. ஆனால் அந்த எண்ணை அந்தந்த நிறுவனமே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஒரு பிராண்டை இன்னொன்றோடு அதை வைத்து எடைபோட முடியாது. நான் முதலில் பார்ப்பது டிராக்ஷன். ஏஏ, ஏ, பி, சி என்று நாலு படி. ஈரத் தரையில் நேராகப் போகும்போது பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதை அது சொல்லும். வளைவில் எப்படி என்று சொல்லாது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் வண்டி எடுக்கும் நமக்கு, கூடுதலாகப் பத்தாயிரம் கிலோமீட்டர் உழைப்பதைவிட ஈரத்தில் நிற்பதுதான் முக்கியம்.

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற நட்சத்திரம் டயருக்கும் இருக்கிறது. அது முக்கியமாக எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஐரோப்பாவில் எரிபொருள், ஈரப்பிடி, சத்தம் மூன்றையும் ஒரே லேபிளில் போட்டே விற்கிறார்கள். ஒரகடத்திலும் அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் டயர் செய்கிற நம் மாநிலத்தில் வாங்குபவருக்கு அது ஏன் கிடைக்கக் கூடாது?

அரசு அந்த லேபிளைக் கடையில் தமிழில் வைக்கச் சொல்ல வேண்டும். அதுவரை, நாலு டயரின் தயாரிப்பு வாரத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.