செயலாளரின் ஆண்டறிக்கை 2025: பொருத்தம் கேட்டுப் புறப்பட்ட வருடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

மதிப்புக்குரிய தலைவர் ஹாஜியார் அவர்களே, மௌலவிமார்களே, மாளிகாவத்தை மஹல்லாவாசிகளே, மேல்மாடியில் அமர்ந்திருக்கும் உம்மாமார்களே, சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.

மக்காவுக்கு ஹஜ், உம்ரா யாத்திரை செல்வோருக்கு வழிகாட்டும் எமது சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயற்பாட்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. மண்டபத்தின் மின்விசிறிகள் திருத்தப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இவ்வருடம் இலங்கைக்குக் கிடைத்த 3,500 ஹஜ் இடங்களில் எமது மஹல்லாவிலிருந்து (பள்ளிவாசல் வட்டாரத்திலிருந்து) பதினான்கு பேருக்குப் பாக்கியம் கிடைத்தது. அவர்களுக்கான வகுப்புகள் ஜனவரி முதல் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் நடந்தன. வழமையாக முதல் வகுப்பிலேயே ஹாஜிகள் உடுக்கும் இஹ்ராம் துணி கட்டக் காட்டிக்கொடுப்போம். இம்முறை அதை மூன்றாவது வகுப்புக்குத் தள்ளினோம். முதல் இரண்டு வகுப்புகளும் கடன் பற்றியும், மனிதரிடம் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பது பற்றியும்தான். இந்த மாற்றத்தை வேண்டிக்கொண்டவன் நான். காரணத்தைச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

என் ஹஜ்ஜின்போது வாப்பாவின் கடைப் பங்கு விடயத்தில் தம்பியோடு பேச்சில்லை. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டுவிட்டேன். ஹாஜிகள் கூடி நின்று இறைஞ்சும் அரபா மைதானத்தில் கையேந்தி நின்றபோது எந்தத் துஆவும் ஓடவில்லை. தம்பியின் முகமே வந்து நின்றது. “ஹஜ் என்பதே அரபாதான்” என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த அரபாவில் என் நேரத்தில் பாதி அப்படியே போயிற்று. ஒருவருக்கு அநியாயம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் உதவாத நாள் வருமுன் இன்றே அவரிடம் பொருத்தம் பெற்றுக்கொள்ளட்டும் என்ற கருத்தில் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. அதை நான் மக்காவுக்கருகே மினாக் கூடாரத்தில் படுத்துக்கொண்டு நினைத்ததைவிட மாளிகாவத்தையில் இருக்கும்போதே நினைத்திருக்க வேண்டும். தவறான பேச்சும் பாவமும் இல்லாமல் ஹஜ் செய்தவர் தாய் பெற்ற அன்றுபோலத் திரும்புவார் என்ற நற்செய்தி நம் எல்லோருக்கும் மனப்பாடம். மனிதருக்குச் சேரவேண்டியதை மனிதரிடமே தீர்க்க வேண்டும் என்பதையும் உலமாக்கள் அதோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

அந்த வகுப்பில் சொன்னதை முழுதாக மனதில் எடுத்துக்கொண்டவர் எங்கள் இடியப்பக்கார மூத்தம்மா. பத்தொன்பது வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் போனவர். அடுத்த ஞாயிறு ஒரு பழைய கொப்பியோடு வந்தார். பொருத்தம் கேட்கவேண்டியவர்கள் என்று பேரன் எழுதிக்கொடுத்த பெயர்கள், முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரி அடையாளம். “இந்தப் பேரெல்லாம் முடிஞ்சாத்தான் மகன், எனக்கு பேக் கட்ட மனசு வரும்” என்றார். கடைசிப் பெயர் அடுத்த ஒழுங்கையிலிருக்கும் சிங்களப் பெண்மணியுடையது. வடிகான் தண்ணீர் விடயத்தில் ஒருநாள் வாய்ச்சண்டை, அதற்குப் பின் நான்கு வருடம் முகம் பார்க்கவில்லை. மூத்தம்மா போய் வாசலில் நின்று “சமாவென்ன நங்கி” (மன்னித்துவிடு தங்கச்சி) என்றிருக்கிறார். கட்டுநாயக்கவுக்கு வேன் புறப்பட்ட விடியற்காலை அந்தப் பெண்மணி கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். தடிமன் பிடித்தால் அவித்துக் குடிக்க வறுத்த கொத்தமல்லி. மூத்தம்மா ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு திரும்பியபோது முதல் பொதி போனதும் அந்த வீட்டுக்குத்தான். பயணத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிற் சிறந்தது தக்வாவே (இறையச்சமே) என்று ஸூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கும் ஸஈ என்ற கிரியைக்கான வகுப்பில் மண்டபத்தின் இரு முனையிலும் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி ஸபா, மர்வா என்று பெயர் வைத்தோம். மக்காவில் ஏழு முறை நடந்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். ஆகவே கால்வலி உள்ளோரை இங்கேயே நடக்கப் பழக்கினோம். கைக்குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடித் தனியாக ஓடிய ஹாஜர் அம்மாவின் ஓட்டத்தைத்தான் அரசனும் ஆண்டியும் இன்றுவரை ஓடுகிறார்கள் என்று மௌலவி சொன்னபோது பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

வெயில் பற்றியும் கண்டிப்பாகவே பேசினோம். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. 1,300க்கும் மேற்பட்டோர் வபாத்தானார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் உரிய அனுமதியில்லாமல் போய், நிழலும் கூடாரமும் கிடைக்காமல் நடந்தவர்கள். குறைந்த காசுக்கு வேறு விசாவில் அழைத்துப்போவதாக யார் சொன்னாலும் நம்பவேண்டாம். ஒரு முகவரிடம் முற்பணம் கட்டி ஏமாந்த மஹல்லாவாசிகள் இருவர் இவ்வருடம் போக முடியவில்லை. அவர்களது முறைப்பாட்டைச் சங்கம் தொடர்கிறது.

ஜூன் 5ஆந் திகதி வியாழக்கிழமை ஹாஜிகள் அரபாவில் தரித்தார்கள். நமக்குப் பிறைப்படி அரபா நோன்பு மறுநாள் என்றாலும், குடும்பத்தார் அன்று மாலையே மண்டபத்தில் கூடினார்கள். அங்கே சூரியன் மறையும்போது இங்கே இரவு ஒன்பதரை. அதுவரை யாரும் எழும்பவில்லை. சிறுவர்கள் பாயிலேயே தூங்கிவிட்டார்கள். “இப்ப முஸ்தலிபாவுக்கு வெளிக்கிட்டிருப்பாங்க” என்று, ஹாஜிகள் அன்றிரவு தங்கும் அடுத்த இடத்தைக் குறித்து ஒருவர் சொன்ன பிறகுதான் கஞ்சி பரிமாறப்பட்டது.

நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி ஆறு பெருகியபோது இதே மண்டபத்தில் கொலன்னாவை மக்களுக்காகச் சமைத்தோம். மீண்டும் உம்ராவுக்கென்று வைத்திருந்த பணத்தை மூன்று குடும்பங்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்று கொடுத்தன. ஹஜ் செய்தவர்களின் கை அப்படி நீண்டதை நான் ஹஜ்ஜின் பலனாகவே பார்க்கிறேன். இரண்டாவது, மூன்றாவது உம்ராவுக்கு ஆயத்தமாவோர் தம் ஒழுங்கையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இதில் மாற்றுக் கருத்துள்ளோர் இன்று பேசலாம்.

இவ்வருடம் எம்மைப் பிரிந்த உறுப்பினர்கள் நால்வரின் மஃபிரத்துக்காக (பாவமன்னிப்புக்காக) துஆச் செய்வோம். மண்டபம் தந்த பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், வகுப்பெடுத்த மௌலவிமார்களுக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரா.

2026 ஹஜ் மே மாத இறுதியில் வருவதால் வகுப்புகளை விரைவில் தொடங்குகிறோம். வருவோர் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவரவும். இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன். வஸ்ஸலாம்.

செயலாளர்