கோரிக்கை மனு: தேவாலா பழைய தங்கச் சுரங்கக் குழிகளை அடைத்துத் தருமாறு வேண்டுதல்

அனுப்புநர்: தேவாலா பழைய சுரங்கப் பகுதிக் குடியிருப்போர், பந்தலூர் வட்டம், நீலகிரி.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் – வேலி அமைத்தல் – நினைவூட்டு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் முன்னர் கொடுத்த மனுக்களுக்கு ரசீது இருக்கிறது, பதில் இல்லை. தாங்கள் நாடுகாணி வழியாக வந்து போகிறவர். இடத்தை விளக்கத் தேவையில்லை.

1. அந்நாளில் தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட எங்கள் பகுதிப் பாறையில் தங்கம் உண்டென்று 1880-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித் அறிக்கை கொடுத்தார். அதை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பந்தலூரும் தேவாலாவும் திடீர் நகரங்களாயின. கிடைத்த தங்கம் செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளில் துரைமார் கடையைக் கட்டினார்கள்; குழிகளை அப்படியே விட்டுப் போனார்கள்.

2. எங்களில் பலர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அந்தக் குழிகளில் எங்களுக்கு ஒரு குன்றிமணிப் பொன்னும் பங்கில்லை.

3. எங்களை வாட்டுவது லயனிலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதை. பாதையோரக் குழியின் வாயை உன்னிச்செடியும் பெரணியும் மூடிக்கிடக்கின்றன. கல்லைப் போட்டால் சற்றுப் பொறுத்துத்தான் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். தேவாலா மழையைத் தாங்கள் அறிவீர்கள். ஆடி மாதத்தில் விளிம்பு மண் கரைந்து, நேற்றுக் கால் வைத்த இடம் இன்று இருப்பதில்லை. மூடுபனியில் முன்னால் போகும் பிள்ளையின் பைகூடத் தெரியாது. சென்ற மழைக்காலத்தில் சினைப்பசு ஒன்று உள்ளே விழுந்தது. இரவெல்லாம் அதன் கதறல் லயன்வரை கேட்டது; விடிந்து கயிறு கட்டி இழுத்தபோது உயிர் இல்லை. அந்த மாட்டின் கடன் தவணை இன்னும் முடியவில்லை. இதில் யானை வேறு. பாதையில் யானை நின்றால் புதருக்குள்தான் ஒதுங்க வேண்டும்; புதருக்குள் குழி. எதற்குப் பயந்து எங்கே ஒதுங்குவது என்று தாங்களே சொல்லுங்கள் ஐயா.

4. இரவில் திருட்டுத்தனமாகப் பாறை வெட்டி, அரைத்து, பாதரசம் போட்டுத் தங்கம் பிரிப்பவர்கள் பழைய குழிகளை இன்னும் ஆழமாக்குகிறார்கள். சோதனை நடக்கிறது, கடப்பாரை பறிமுதலாகிறது, வழக்கும் பதிவாகிறது. குழி மட்டும் திறந்தே கிடக்கிறது.

5. வனத்துறையைக் கேட்டால் வருவாய்த்துறையைக் கை காட்டுகிறார்கள். வருவாய்த்துறையைக் கேட்டால் இது பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த 1969 கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் குத்தகை நிலம், யாருக்கு உரிமை என்பது தீர்வாகவில்லை என்கிறார்கள். நாங்கள் பட்டாவா கேட்டோம்? நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், விழுந்தால் சாவது எங்கள் பிள்ளை அல்லவா? வேலி போட ஒரு சட்டத் தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருப்பார்களா?

6. பள்ளிப் பாதையோரக் குழிகளை அடைத்தால், மற்றவற்றுக்குக் கம்பிவேலி போதும் ஐயா. வேலி போடுங்கள்.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளவும். பள்ளிப் பாதையோரக் குழிகளையாவது ஆனி பிறக்கும் முன் அடைத்து, மற்றவற்றைச் சுற்றி வேலி அமைத்துத் தருமாறு மீண்டும் பணிந்து வேண்டுகிறோம். இடம் பார்க்க யாரையேனும் அனுப்பினால் நாங்களே புதர் வெட்டி வழிகாட்டுவோம். மழையில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்கள்