வெஸ்ட் கென்னட் புதைமேட்டுக்குச் செல்வது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மேல்வகுப்பு மாணவர்களை அடுத்த மாதம் இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள வெஸ்ட் கென்னட் புதைமேட்டுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம் என்று அறிவித்ததும், பிள்ளைகளைச் சவக்குழிக்குள் கூட்டிப்போவது தகுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி என்பதால் விவரமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: நாம் நுழையவிருக்கும் அறைகளில் இன்று எலும்பு எதுவும் இல்லை. 1859இல் ஜான் தர்னமும், 1955–56இல் ஸ்டூவர்ட் பிகட், ரிச்சர்ட் அட்கின்சன் இருவரும் அங்கே அகழ்ந்தபோது, ஆண், பெண், குழந்தைகள் என ஏறத்தாழ 36 பேரின் எலும்புகள் கிடைத்தன. அமில மண்ணாக இருந்திருந்தால் அவை கரைந்தே போயிருக்கும். சுண்ணக்கல் நிலமாதலால் தங்கின. மண்டையோடுகளும் கைகால்களின் நீண்ட எலும்புகளும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு, அவற்றைச் சடங்குகளுக்காக வெளியே எடுத்துச் சென்றிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினார்கள். இறந்தவரைத் தீட்டென்று ஒதுக்காமல் இப்படி நெருங்கிப் பழகிய ஒரு சமூகத்தைப் பற்றிப் பிள்ளைகள் அறிவது நல்லதென்றே நான் நினைக்கிறேன்.

ஏறக்குறைய 100 மீட்டர் நீளமுள்ள இந்த மேடு கி.மு. 3650ஐ ஒட்டி எழுப்பப்பட்டது. கிழக்கு முனையில் சார்சன் எனப்படும் கடினமான மணற்கல் பாறைகளை நிறுத்தி ஐந்து அறைகள் அமைத்து, இரு பக்கமும் பள்ளம் தோண்டி எடுத்த சுண்ணக்கல்லை மேலே குவித்திருக்கிறார்கள். ஆகவே இன்று புல் மூடிக் கிடக்கும் மேடு, கட்டிய நாளில் வெள்ளைவெளேரென்று தெரிந்திருக்கும். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அறைகளை மண்ணால் நிரப்பி, வாயிலைப் பெருங்கற்களால் அடைத்துவிட்டார்கள். எதிரே தெரியும் சில்பரி குன்றும் மனிதர் குவித்ததே. ஆனால் அதனுள் எவரையும் புதைத்ததற்கான சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், எனினும் அதில் ஏற அனுமதி இல்லை.

உடன் வரும் பெற்றோர் உள்ளே விளக்கோ கற்பூரமோ ஏற்ற வேண்டாம். புகைக்கரி பாறைகளைக் கெடுக்கும். சட்டப் பாதுகாப்புள்ள இடமாதலால் ஒரு சிறு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. சாலையிலிருந்து மேட்டுக்கு ஏற்றமான பாதையில் நடக்க வேண்டும். மழை பெய்தால் சுண்ணத்தரை வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி அவசியம். அங்கே கழிப்பறை கிடையாது.

இதற்குப் பிறகும் பிள்ளை உள்ளே போக வேண்டாம் என்று கருதுவோர் ஒப்புதல் படிவத்தில் குறிப்பிடுங்கள். அந்தப் பிள்ளைகள் ஓர் ஆசிரியருடன் வெளியே நின்று சில்பரியை வரைவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்