கூப்பிடப் பயப்படும் தம்பிக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். மேற்கத்தியச் சடங்கு மந்திர முறையைப் படித்து இப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிறாராம், தெய்வத்தை அழைக்கும் வரிகள் வந்தாலே தொண்டை அடைக்கிறதாம், நான் கூப்பிட்டு யார் வரப்போகிறார்கள் என்று தோன்றிப் பாதியில் நின்றுவிடுகிறாராம். அதற்கு நீங்கள், இதெல்லாம் பில்லி சூனியம், விட்டுவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நானும் பல வருடங்களாக இந்தப் பயிற்சியில் இருப்பவள். அந்தப் பதில் சரியில்லை, அந்தப் பிள்ளைக்கு உதவவும் செய்யாது.

1888இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற குழுவின் வழியில்தான் இன்று பெரும்பாலானவர்கள் இதைப் பழகுகிறார்கள். அவர்கள் முதலில் கற்றுக்கொடுக்கும், காற்றில் ஐமுனை நட்சத்திரம் வரையும் ஐங்கோணச் சடங்கில் நான்கு திசைக்கும் நிற்பவர்கள் யார் தெரியுமா? கிழக்கே ரபேல், மேற்கே கபிரியேல், தெற்கே மிக்கேல், வடக்கே ஊரியேல், நால்வரும் தேவதூதர்கள். ராயபுரம் பக்கம் எந்தக் கத்தோலிக்க வீட்டில் கேட்டாலும் மிக்கேல் சம்மனசைத் தெரியும். இதில் சூனியம் எங்கே இருக்கிறது? ஓர் ஆவியைத் தனக்கு வெளியே வரவழைப்பது வேறு, அதை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். தம்பி கேட்டது தெய்வத்தைத் தனக்குள் அழைப்பதைப் பற்றி.

சரி, தைரியம் எப்படி வரும்? முதலில் தைரியம் வரட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று காத்திருந்தால் வரவே வராது. கூப்பிடக் கூப்பிடத்தான் வரும், அதுவும் குரல் வழியாக வரும். அந்த லண்டன் குழுவில் ஃப்ளாரன்ஸ் ஃபார் என்ற நாடக நடிகை இருந்தார், பிறகு அதன் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டே கவிதை சொல்லும் முறையைக் கவிஞர் யேட்ஸுடன் சேர்ந்து வளர்த்தவர், குரலைப் பழக்குவதற்கென்றே அவ்வளவு உழைத்தார். (இந்த அம்மா 1912இல் இலங்கைக்கு வந்து, பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1917இல் கொழும்பில் காலமானார். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னவர் என்பதற்காகவாவது நம் ஆட்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.) கோல்டன் டான் வழியில் தெய்வப் பெயரை வெறுமனே வாசிப்பதில்லை, மூச்சை நிறைய இழுத்து, நெஞ்சு அதிரும்படி நீட்டிச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் சொல்கிறவருக்கே அதில் நம்பிக்கை பிறக்காது.

இதை வடசென்னைக்காரருக்கு லண்டனிலிருந்து வந்துதான் சொல்லித்தர வேண்டுமா? ஆடி மாதம் தண்டையார்பேட்டை, ராயபுரம் தெருக்களில் கூழ் ஊற்றும்போது பம்பைக்காரர் வர்ணிப்புப் பாடுவதை நின்று கேளுங்கள். அம்மனின் பிறப்பு, ஊர், நகை, கோபம், கருணை என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார், முதலில் அவளைப் பற்றிப் பாடுவார், கொஞ்ச நேரத்தில் "வாடி தாயே" என்று அவளிடமே பேச ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அருள் வந்தவர் வாயிலிருந்து "நான் வந்திருக்கேன்டா" என்று வரும். எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு ஒன்றை 1852இல் குட்வின் என்பவர் அச்சிட்டார், இன்று சடங்கு மந்திரம் பழகுகிறவர்கள் பெரிதும் மதிக்கும் அழைப்பு அதிலிருந்து வந்ததுதான். அதுவும் உன்னை அழைக்கிறேன் என்று தொடங்கி, நானே அவன் என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. இந்த ஏற்றத்தைப் புரிந்துகொண்டால் எந்த வரியில் குரல் உயர வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்று தம்பிக்கே பிடிபட்டுவிடும். பம்பைக்காரர் தனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று நடுவில் நின்று சோதித்துப் பார்ப்பதில்லை, தாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார்.

அதனால் தம்பி, ஒரே தெய்வம், ஒரே அழைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்காமல் மனப்பாடம் செய்யுங்கள், அந்தத் தெய்வத்தின் கதைகளைத் தேடித் தேடிப் படியுங்கள், யாரென்றே தெரியாதவரை எப்படி உரிமையாகக் கூப்பிட முடியும்? ஐங்கோணச் சடங்கை முன்னும் பின்னும் செய்யுங்கள். மஞ்சள் பிள்ளையாரைக்கூட நாம் ஆவாகனம் செய்து, பூஜை முடிந்ததும் யதாஸ்தானம் சொல்லி வழியனுப்பித்தான் வைக்கிறோம். முடிக்காமல் எழுந்து வந்துவிட்டால் மனசு அதிலேயே அலைந்துகொண்டிருக்கும். தினமும் நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதுங்கள்.

ஒண்டுக்குடித்தன வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்ற கூச்சம் நியாயமானது. திருவொற்றியூர் கடற்கரையில் கருங்கல் கொட்டியிருக்கும் பக்கம் விடியற்காலையில் போய்க் குரலை மட்டும் பழகுங்கள், அலைச் சத்தத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நன்றாகப் பழகியபின் வீட்டில் மனசுக்குள்ளேயே அதே அதிர்வோடு சொல்லலாம், அதற்கும் இந்த முறையில் இடம் உண்டு.

தீட்சை தருகிறேன் என்று செல்போனில் பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தூக்கம் கெட்டாலோ, சடங்கு இல்லாத நேரத்திலும் குரல்கள் கேட்டாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆசிரியர் ஐயா, அந்தப் பதில் வந்த அதே பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் போட்டால் அந்தத் தம்பியின் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை